உப்புக் காற்றும் பம்பர் கீறலும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு கீழக்கரையிலிருந்து ஒரு பெரியவர் காரை ஓட்டிக்கொண்டு உச்சிப்புளியில் இருக்கிற என் வாட்டர் வாஷுக்கு வந்தார். கறுப்பு நிற ஸ்விஃப்ட். இறங்கியதும் நேராக முன்பக்கம் போய், பம்பரின் இடது மூலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றார்.

"தம்பி, இது மகன் வண்டி. துபாய்ல இருக்கான். வர்ற புதன்கிழமை வந்து இறங்குறான்."

கையை எடுத்தார். ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். கீழக்கரைத் தெருக்களில் கார் ஓட்டியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எதிரே ஒரு ஆட்டோ வந்துவிட்டால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். ரிவர்ஸில் ஒடிக்கும்போது நம் கண் பின்னால் இருக்கும். வண்டியின் முன்மூலை வெளியே வீசிப் போய் ஏதாவது ஒரு வீட்டுச் சுவரை உரசும்.

"பெயின்ட் அடிச்சுரலாமா?" என்று கேட்டார்.

"பொறுங்க பாய். முதல்ல தண்ணி ஊத்திப் பாப்போம்."

ஒரு கப் தண்ணீரை அந்த இடத்தில் மெதுவாக ஊற்றினேன். கோடுகளில் கொஞ்சம் அப்படியே காணாமல் போயின. மீதி, நனைந்த பிறகும் வெள்ளையாகவே நின்றன. பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "போயிருச்சா?" என்றார். போகவில்லை. காய்ந்தால் திரும்ப வரும். ஆனால் தண்ணீரில் மறைகிற கோடு நல்ல கோடு. கீறலின் பள்ளத்தில் வெளிச்சம் சிதறுவதால்தான் அது நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பினதும் சிதறல் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் கீறல் மேல்படலமான கிளியர் கோட்டோடு நிற்கிறது, நிறம் வரைக்கும் இறங்கவில்லை, பாலிஷில் எடுத்துவிடலாம் என்று அர்த்தம். நனைந்தும் மறையாத கோட்டில் நகத்தை வைத்துக் குறுக்கே இழுக்க வேண்டும். நகம் பள்ளத்தில் விழுந்து மாட்டினால் ஆழமான கீறல். மேட்டில் ஏறித் தட்டினால் அது கீறலே இல்லை, சுவரில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்த பெயின்ட்.

பாயின் பம்பரில் முக்கால்வாசி இடத்தில் நகம் மேட்டில்தான் தட்டியது. "பாய், இது உங்க தெருச் சுவரு. வண்டிக்கு ஒண்ணும் ஆகல," என்றேன். அந்த முகத்தில் வந்த தெளிச்சிக்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம்.

கீறல் விழுந்ததும் நேராகப் பெயின்ட் கடைக்குப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கம்பெனியில் அடித்து வந்த பெயின்ட் ஒரு முறைதான் கிடைக்கும். அதில் கை வைக்காமல் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். ஆனால் பாலிஷ் செய்வதும் அந்தப் பெயின்ட்டைச் செலவழிப்பதுதான். கீறல் அழிவது கிடையாது. கீறலைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். கிளியர் கோட்டின் மொத்தக் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனமே சுமாராக 70 மைக்ரான் இருக்கும். முடியைவிட மெல்லிசான ஒரு படலத்துக்குள்தான் நம்முடைய அத்தனை வேலையும் நடக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு பம்பரைப் பறிகொடுத்தேன்.

எனக்குப் பாலிஷ் மெஷின் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பாம்பனில் ஃபைபர் படகு வேலை செய்கிற அண்ணன். வத்தையும் வள்ளமும் மரத்தில் இருந்து ஃபைபருக்கு மாறிய காலத்தில் அந்த வேலைக்குள் வந்தவர். வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்த மாதிரி கிடக்கும் படகை, கம்பளிப் பஃப் மாட்டிய பாலிஷரைக் கொண்டு அவர் ஓட்டுகிற ஓட்டில், முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு வந்துவிடும். பக்கத்தில் நின்று ஒரு வருஷம் பார்த்துப் பார்த்து நானும் ஓட்டிப் பழகினேன். அழுத்திப் பிடி, ஒரே இடத்தில் நில், வெள்ளை போகும் வரைக்கும் விடாதே. படகுக்கு அது சரி. ஃபைபர் படகின் மேல்பூச்சான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும், அதாவது 500 மைக்ரான். கார் கிளியர் கோட்டைப்போல் பத்து மடங்கு. எவ்வளவு தேய்த்தாலும் மிச்சம் இருக்கும்.

அதே கையோடு, கடை போட்ட புதிதில் ஒரு சிவப்புக் காரின் பின்பம்பரில் இறங்கினேன். சின்னக் கீறல். பம்பர் மடங்குகிற விளிம்பில் இருந்தது. பாலிஷரை அழுத்தி ஆறேழு விநாடி வைத்திருப்பேன். ஒரு மாதிரி இனிப்பான வாடை வந்தது. எடுத்துப் பார்த்தால், கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பே இல்லை. அடிப்பூச்சான ப்ரைமரின் சாம்பல் நிறம், அதன் நடுவில் கறுப்பு பிளாஸ்டிக் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் பெயின்ட் சுருண்டு கிடந்தது. வண்டிக்காரரிடம் என் தவறு என்று சொல்லி, முழு பம்பரையும் என் செலவில் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. படகில் ஒரு வருஷம் ஓட்டிய கைக்கு இது எப்படி நடந்தது என்றே விளங்கவில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. தகடு சூட்டை வாங்கிப் பரப்பிவிடும். பானெட்டில் ஒரு இடத்தைத் தேய்த்தால் அந்தச் சூடு சுற்றிலும் ஓடிவிடுகிறது. பம்பர் பாலிப்ரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். இரும்பு கடத்துகிற சூட்டில் இருநூறில் ஒரு பங்குகூட அது கடத்தாது. தேய்க்கிற சூடு அத்தனையும் தேய்த்த இடத்திலேயே, பெயின்ட்டுக்குள்ளேயே நின்றுவிடும். பெயின்ட் இளகும், இழுபடும், உரியும். அதோடு பாலிப்ரோப்பிலீனில் பெயின்ட் சுலபமாகப் பிடிக்காது. அதற்கென்று தனியாக ஒரு ஒட்டுப்பூச்சு அடித்து அதன்மேல்தான் ப்ரைமர், நிறம், கிளியர் எல்லாம் வருகின்றன. ஒரு இடத்தில் உரிய ஆரம்பித்தால் ஓரம் கிளம்பிக்கொண்டே போவது அதனால்தான். விளிம்பில் எல்லாவற்றையும்விட மோசம். ஈரமாக இருக்கும்போதே பெயின்ட் விளிம்பை விட்டு வழிந்து விலகிக்கொள்வதால், அங்கே படலம் எப்போதும் மற்ற இடத்தைவிட மெல்லிசாக இருக்கும். நான் வைத்ததோ சரியாக அங்கேதான்.

பெயின்ட் கனம் அளக்கிற மீட்டர் ஒன்று வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற மீட்டர் காந்தத்தை வைத்தோ மின்சுழலை வைத்தோ வேலை செய்வது. அடியில் இரும்போ அலுமினியமோ இருந்தால்தான் அது எண் காட்டும். பம்பரில் வைத்தால் ஒன்றும் வராது. பிளாஸ்டிக்குக்கு அல்ட்ராசவுண்ட் மீட்டர்தான் வேண்டும், அதன் விலை நம் மாதிரிக் கடைக்குத் தாங்காது. அதனால் இன்றுவரைக்கும் எனக்கு மீட்டர் என் புறங்கைதான். நாலு ஓட்டுக்கு ஒரு முறை மெஷினை நிறுத்திப் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பு இருக்கலாம். கை தானாகப் பின்னுக்கு வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடுவேன்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற கீறல்களில் பெரும்பங்கு சுவரில் உரசியவை இல்லை. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் ரோடு 2017ல் திறந்தது. அதற்கு முன்னால் மணலில் போகிற வேனையும் ஜீப்பையும் விட்டால் வழி கிடையாது. இப்போது அவரவர் காரிலேயே முனை வரைக்கும் போய்விடுகிறார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ரோட்டின் குறுக்கே மணல் பாம்பு மாதிரி ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். அந்தக் காற்றில் கடலின் சாரலும் கலந்து வரும். ஒரு மணி நேரம் காரை நிறுத்திவிட்டு வந்தால் மேலெல்லாம் பிசுபிசுப்பாக ஒரு பூச்சு.

உப்பு பெயின்ட்டைக் கீறிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். மணலோடு ஒப்பிட்டால் உப்புக்கல் ரொம்ப மெதுவானது. கீறுவது மணல். மணலில் இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். உப்பின் வேலை வேறு. கடலுப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு லேசில் காயாது. வந்து விழுகிற மணலை எல்லாம் அந்தப் பிசுபிசுப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. சும்மா விட்டிருந்தால் வண்டி ஓடும் வேகத்தில் உதிர்ந்து போயிருக்க வேண்டிய மணல், ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் டேஷ்போர்டில் கிடக்கிற மஞ்சள் துணியை எடுத்து, கார்க்காரர் அன்போடு துடைக்கிறார். பம்பரையும் சைடு கண்ணாடியின் மூடியையும்தான் முதலில் துடைப்பார், அங்கேதான் பூச்சு அதிகம். நம் வீட்டில் மேசையைத் தேய்க்க உப்புத்தாள் வாங்குகிறோமே, அதைத்தான் அவர் தன் கையாலேயே செய்து, தன் வண்டியில் ஓட்டுகிறார். வெயிலில் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகத் தெரிகிற கோடுகள் அப்படி வந்தவை. எனக்கு இதைப் பார்க்கும்போது வயிறு எரியும். தனுஷ்கோடி போய் வந்தால் தயவுசெய்து துடைக்காதீர்கள். எங்கேயாவது தண்ணீர் இருக்கிற இடம் வரைக்கும் அப்படியே வாருங்கள், தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட்டுப் பிறகு துணியைத் தொடுங்கள்.

தண்ணீரும் நம் ஊரில் ஒரு பாடுதான். என் போர் தண்ணீர் உவர்ப்பு. கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் துளித்துளியாக வெள்ளை வட்டம் விழும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஷெட் தகரத்திலிருந்து வழிகிற தண்ணீரை இரண்டு பெரிய டேங்கில் பிடித்து வைத்திருக்கிறேன். பாலிஷ் வேலைக்குக் கடைசி அலசல் அந்தத் தண்ணீரில்தான்.

பாய் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போனார். மறுநாள் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். மண்டபம் பக்கத்து வெயிலில் பத்து மணிக்குமேல் கறுப்பு பம்பரைத் தொட முடியாது, பாலிஷும் போட்ட உடனே காய்ந்து மாவாகிவிடும்.

ஷாம்பு போட்டு இரண்டு வாளித் தண்ணீரில் கழுவினேன். ஒரு வாளி நுரைக்கு, இன்னொன்று அழுக்குத் துணியை அலச. பிறகு கிளே. களிமண் மாதிரி பிசைந்து தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீர் விட்டு வழவழப்பாக்கி, அழுத்தாமல் தடவிக்கொண்டே போனேன். சுவர்ப் பெயின்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளேயில் ஏறியது. அடம்பிடித்த இரண்டு இடத்தில் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒற்றி எடுத்தேன். அங்கே தின்னரைத் தொடவே கூடாது. பட்டறைகளில் தின்னர் பாட்டில்தான் எப்போதும் கைக்குப் பக்கத்தில் இருக்கும். ஏற்கெனவே டச்சிங் செய்த, அதாவது பட்டறையில் திரும்ப அடித்த பெயின்ட் என்றால் அதில் இளகிவிடும். சைடு கண்ணாடியின் மூடி பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், பெயின்ட் விட்ட இடத்தில் தின்னர் பட்டால் பிளாஸ்டிக்கே கரைந்து பிசினாகும்.

வெள்ளை எல்லாம் போன பிறகு, நிஜக் கீறல்கள் எத்தனை என்று தெரிந்தது. மெல்லிசாக ஏழெட்டு, நடுத்தரமாக இரண்டு, நகம் மாட்டுகிற ஆழத்தில் ஒன்று. பம்பரின் மடிப்பு விளிம்பு, நம்பர் பிளேட் ஓரம், பெயின்ட் இல்லாத கறுப்பு கிரில் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினேன். அந்தச் சொரசொரப்பான கறுப்பில் காம்பவுண்ட் என்கிற காரமான பாலிஷ் பட்டுக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும், பழைய பல்பிரஷ் வைத்து அரை நாள் தேய்க்க வேண்டும்.

மெல்லிசுக்கு நுரைப் பேடும் சாதாரண பாலிஷும் போதும். காம்பவுண்டில் ஆரம்பிப்பது அவசரக்காரர் வேலை. இலேசானதில் தொடங்கி, போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி காரமாகப் போகவேண்டும். இப்போது என்னிடம் இருப்பது ஒரே அச்சில் சுற்றாமல் ஆடி ஆடிச் சுற்றுகிற மெஷின். அதில் சூடு குறைவாக ஏறும். பேடில் மிளகு அளவுக்கு நாலு சொட்டு, ஒன்றரை அடிச் சதுரம், மெஷினின் எடையே போதும், கை அழுத்தம் வேண்டாம். பம்பர் அழுத்தினால் உள்ளே போகிற பொருள். அழுத்தினால் குழிகிற இடத்தில் தேயாமல், பக்கத்து மேட்டில் தேயும். நாலு ஓட்டு, துடைப்பு, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு பார்வை. மூன்றாம் சுற்றில் ஏழெட்டும் போய்விட்டன.

நடுத்தரமான இரண்டுக்கு வாட்டர் பேப்பர், அதாவது ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள் எடுத்தேன், 2000 நம்பர். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரில் சுற்றி, கீறல்மேல் மட்டும் ஒரே திசையில் பத்து இழுப்பு. இந்த இடத்தில் கண் தண்ணீர்மேல் இருக்க வேண்டும். பேப்பரில் இருந்து வழிகிற தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் தேய்வது கிளியர். வண்டியின் நிறம் கொஞ்சம் கலந்து வந்தாலும் கிளியர் முடிந்து நிறத்துக்கு வந்துவிட்டோம், அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். பால்தான் வந்தது. துடைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் பனி படர்ந்த கண்ணாடி மாதிரி மங்கியிருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். 3000 நம்பரில் இன்னொரு பத்து இழுப்பு, பிறகு காம்பவுண்ட், பிறகு பாலிஷ். மங்கலுக்கு உள்ளேயிருந்து கறுப்பு மெல்ல மெல்ல ஊறி மேலே வருவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இடது கண்ணாடி மூடியிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருந்தன. சீமைக் கருவேல முள். ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் உள்ரோட்டில் எதிர்வண்டிக்கு ஒதுங்கினால் விழுகிறவை. இவை பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆழம் இருக்காது. மூடி சின்னது, எல்லாப் பக்கமும் வளைவு, மெஷின் வைத்தால் விளிம்பில் ஏறிவிடும். அதைக் கையாலேயே செய்தேன். இப்படிப்பட்ட சின்ன வேலையை வீட்டிலேயே செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: கையால் செய்யுங்கள், நுரைப் பேடும் மைக்ரோஃபைபர் துணியும் இருந்தால் போதும். பட்டறையில் கிடைக்கிற பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் தையலே புதுக்கோடு போடும். ஹெட்லைட் மட்டும் வேறு கணக்கு. அது பெயின்ட் இல்லாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மஞ்சளைத் தேய்த்து எடுக்கும்போது வெயிலைத் தடுக்கிற மேல்பூச்சும் சேர்ந்து போய்விடும், திரும்ப ஒரு பூச்சு அடிக்காவிட்டால் நம் வெயிலில் சில மாதத்தில் பழையபடி மஞ்சள்தான்.

கடைசியாக ஆல்கஹால் கலந்த தண்ணீரில் எல்லாவற்றையும் துடைத்தேன். சில பாலிஷில் இருக்கிற எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். இரண்டு தடவை கழுவினால் கோடு திரும்ப வந்து நிற்கும். எண்ணெய் போன பிறகும் சுத்தமாக இருந்தால்தான் வேலை முடிந்தது. பிறகு மெழுகு, மழைத்தண்ணீர் அலசல்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாய் வந்தார். மூலைக்குப் போய் விரலால் தடவித் தேடினார். கிடைத்துவிட்டது.

"இது ஒண்ணு இருக்கே தம்பி."

நகம் மாட்டிய அந்த ஒன்று. ஓரத்தை மழுக்கி, பள்ளத்தில் குச்சி முனையால் கறுப்பு டச்சப் வைத்திருந்தேன். நாலடி தள்ளி நின்றால் தெரியாது. "அதையும் எடுத்திருக்கலாம் பாய். எடுத்தா அந்த இடத்துல கிளியர் இல்லாமப் போயிரும். ரெண்டு வெயிலுக்கு அப்புறம் அங்கயிருந்து உரிய ஆரம்பிச்சா முழு பம்பரும் அடிக்கணும். இது இருந்துட்டுப் போகட்டும்."

மறுபடி ஒரு தடவை தடவிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். அவன் கேட்டா நானே சொல்லிர்றேன், வாப்பாதான் இடிச்சேன்னு."

பணம் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தவர், என்னவோ நினைத்துக்கொண்டு டேஷ்போர்டில் கிடந்த மஞ்சள் துணியை எடுத்து ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தார். பிறகு வண்டியை எடுத்தார்.